தோள் கொடுப்பது

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

சங்கச் செயலாளர் போன் செய்து, "பத்து வருஷம் அமெரிக்காவில் இருந்துட்டு வந்திருக்கீங்க, வேலைவாய்ப்பைப் பத்தி மாணவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார். சரி என்றுதான் சொன்னேன். எழுத உட்கார்ந்தபோது மனசு வேறு பக்கம் இழுத்தது. வேலைவாய்ப்பைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வேண்டியது வேறு ஒன்று. அதைச் சொல்ல எனக்கே பதினைந்து வருஷம் ஆகியிருக்கிறது.

எங்கள் ஊரில் அந்தோணியார் திருவிழாவில் சப்பரம் தூக்குவார்கள். சின்ன வயதில் நானும் கூட்டத்துக்குள் நுழைந்து ஒரு கை வைப்பேன். வீட்டுக்கு வந்ததும் "நானும் தூக்கினேன்பா" என்று பெருமையடிப்பேன். அப்பா என் சட்டையை விலக்கித் தோளைப் பார்ப்பார். "தோள் சிவக்கவே இல்லையே, நீ எங்கடா தூக்கினே? கூட நடந்திருக்கே, அவ்வளவுதான்" என்பார். பிற்பாடு இதே கல்லூரியில் இயந்திரவியல் படித்தபோது அதையே வேறு மாதிரி சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு தூணின் மேல் சுமையே இறங்கவில்லை என்றால் அது தாங்கவில்லை, சும்மா நிற்கிறது.

அநீதிக்கு ஆளானவர்களுக்குத் தோள் கொடுப்போம் என்று மேடையில் சொல்வது சுலபம். யாருடைய தோள் சிவந்தது என்று பார்த்தால்தான் யார் தூக்கினார்கள் என்று தெரியும். இதை நான் கண்ணால் பார்த்துக் கற்றுக் கொண்ட ஊர் செயிண்ட் லூயிஸ்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிற நகரம் அது. 630 அடி உயரத்தில் ஒரு எஃகு வளைவு உண்டு; பொறியாளன் என்பதால் முதல் வாரமே போய் அண்ணாந்து பார்த்தேன். அந்த வளைவுக்கு எதிரே பழைய நீதிமன்றக் கட்டடம் ஒன்று இருக்கிறது. ட்ரெட் ஸ்காட் என்ற கறுப்பின அடிமையும் அவர் மனைவி ஹாரியட்டும் தங்கள் விடுதலைக்காக 1846-ல் வழக்குப் போட்டது அங்கேதான். கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களே ஆக முடியாது என்று 1857-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த ட்ரெட் ஸ்காட்டின் கல்லறை இன்று செயிண்ட் லூயிஸ் நகரின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் லிங்கன் தலை போட்ட ஒரு சென்ட் காசை அதன் மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள். நானும் வைத்தேன்.

அதே நகரில் இயேசு சபைக் குருக்கள் நடத்தும் செயிண்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1818-ல் தொடங்கியது. நம்மைப் போன்ற கத்தோலிக்கக் கல்லூரியில் படித்தவர்களுக்கு அதன் கதை கொஞ்சம் உறைக்கும். 1823-ல் இயேசு சபையினர் மேரிலாந்திலிருந்து மிசௌரிக்கு வந்தபோது, மூன்று அடிமைத் தம்பதிகளையும் கூடவே கொண்டு வந்தார்கள். ஆறு பேர். உறவுகளைப் பிரிந்து வர வேண்டியிருந்தது. அவர்களுடைய உழைப்பும் அந்தக் கல்விப் பணியின் அஸ்திவாரத்தில் கிடக்கிறது. 2016-ல் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தின் மூலம் இயேசு சபையும் பல்கலைக்கழகமுமே இந்த வரலாற்றைத் தோண்டி எடுத்து வெளியே சொல்லி வருகின்றன. மறைக்காமல் சொன்னதை நாம் மதிக்க வேண்டும்.

அடிமை முறை ஒழிந்து எண்பது வருஷம் ஆகியும் அந்தப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவில்லை. அன்று அமெரிக்காவின் பல கத்தோலிக்க ஆலயங்களில் கறுப்பினத்தவர் பின் வரிசையில்தான் உட்கார வேண்டும். நற்கருணை வாங்குவதும் கடைசியில்தான். பள்ளிக்கூடங்களும் தனித்தனி. யாரும் இதைப் பாவமாக நினைக்கவில்லை. பழக்கம் என்றுதான் நினைத்தார்கள்.

1944 பிப்ரவரி 11-ஆம் தேதி காலைத் திருப்பலியில் க்ளாட் ஹைட்ஹவுஸ் என்ற குருவானவர் மறையுரை ஆற்றினார். அவர் அங்கே தொல்லியல் பேராசிரியர். எதிரே சுமார் 500 மாணவர்கள். கறுப்பினத்தவரைச் சேர்க்காமலிருப்பது கிறிஸ்துவுக்குச் செய்கிற அநீதி என்று வெளிப்படையாகப் பேசினார். கடைசியில் மாணவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். கறுப்பின மக்களுக்கு இழைத்த தவறுகளுக்கு மன்னிப்புக் கேட்டு, இனி அப்படிப்பட்ட தவறில் பங்கு கொள்வதில்லை என்று தம்மோடு சேர்ந்து உறுதி சொல்லச் சொன்னார். மாணவர்கள் எழுந்து நின்று சொன்னார்கள். அந்த மறையுரை மாணவர் பத்திரிகையில் அச்சாகி, ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. அதே ஆண்டுக் கோடையில் 5 கறுப்பின மாணவர்கள் சேர்க்கப்பட்டார்கள். மிசௌரியில் வெள்ளையர்க்கு மட்டும் என்றிருந்த பல்கலைக்கழகங்களில் முதலில் கதவைத் திறந்தது இதுதான்.

இதோடு முடித்தால் நல்ல கதை. ஆனால் முடியவில்லை. வகுப்பில் சேர்த்துக் கொண்டார்கள், மாணவர்களின் நடன நிகழ்ச்சிக்கு வரக் கூடாது என்றார்கள். பாடம் சேர்ந்து படிக்கலாம், விருந்தில் சேர்ந்து நிற்கக் கூடாது! ஹைட்ஹவுஸ் இதையும் எதிர்த்துக் கேட்டார், எழுதினார். மேலிடத்தின் கண்டனத்துக்கு ஆளானார். 1945-ல் அங்கிருந்து மாற்றப்பட்டார். அவருக்குத் தோள் சிவந்தது.

இன்னொருவர் ஜான் மார்க்கோ. ராணுவத்திலிருந்து வந்து குருவானவர். இவரும் செயிண்ட் லூயிசில் கறுப்பின மக்களுக்காக உழைத்து, பிறகு ஓமஹா நகருக்கு அனுப்பப்பட்டவர். போன இடத்திலும் சும்மா இருக்கவில்லை. 1947-ல் அங்குள்ள கிரைட்டன் பல்கலைக்கழக மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, மார்ட்டின் தெ போரஸ் பெயரில் ஒரு சங்கம் தொடங்கினார். கறுப்பினத்தவருக்குச் சாப்பாடு பரிமாறாத உணவகங்களில் போய் உட்கார்ந்தார்கள். அவர்களை வேலைக்கு வைக்காத கடைகளைப் புறக்கணித்தார்கள். தம்பி தங்கைகளே, அந்த மாணவர்களுக்கும் உங்கள் வயதுதான்.

1946-ல் செயிண்ட் லூயிசுக்குப் புதிய பேராயராக ஜோசப் ரிட்டர் வந்தார். மறு வருடமே, 1947-ல், கத்தோலிக்கப் பள்ளிகளில் இனப் பிரிவினை இனி இல்லை என்று அறிவித்தார். வெள்ளையினப் பெற்றோர் பலர் கொதித்துச் சங்கம் சேர்த்தார்கள், நீதிமன்றம் போவோம் என்றார்கள். செப்டம்பர் 21-ஆம் தேதி ஞாயிறன்று எல்லா ஆலயங்களிலும் பேராயரின் மடல் வாசிக்கப்பட்டது: வழக்குப் போடுகிறவர்கள் திருச்சபையிலிருந்து விலக்கப்படும் நிலைக்கு ஆளாவார்கள் என்று. எதிர்ப்பு அடங்கியது. அரசுப் பள்ளிகளில் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1954-ல். அதற்கு ஏழு வருஷம் முன்னால், சட்டம் வரட்டும் என்று காத்திராமல், ஒரு பேராயர் தமது கையெழுத்தைப் போட்டார்.

இங்கே ஒரு விஷயத்தை நான் ஒப்புக் கொள்ள வேண்டும். இவ்வளவு நேரம் நான் சொன்ன பெயர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரக் குருக்களின் பெயர்கள். தோள் கொடுத்தவர்களைப் பற்றிப் பேசும்போது இந்தத் தவறு எல்லாருக்கும் வருகிறது. சுமை யாருடையது என்பதை மறந்துவிடுகிறோம். அந்த 5 மாணவர்கள் தினமும் காலையில் அந்த வாசலுக்குள் நுழைந்தார்களே, அது எந்த மறையுரைக்கும் குறைந்ததல்ல. பிள்ளையைச் சேர்க்கச் சொல்லி வருஷக் கணக்காகக் கதவைத் தட்டிய கறுப்பினக் கத்தோலிக்கத் தாய் தகப்பன்மார் இல்லையென்றால் எந்தப் பேராயருக்கும் கையெழுத்துப் போட வேலையே வந்திருக்காது. ஹைட்ஹவுசும் ரிட்டரும் செய்தது நியாயம். அந்த நியாயத்தைக் கேட்டவர்கள் முன்பே இருந்தார்கள்.

இனி நான் பார்த்ததற்கு வருகிறேன். 2014-ல் நான் அந்த ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலையிலிருந்தேன். ஆகஸ்ட் 9-ஆம் தேதி, பக்கத்து ஃபெர்குசனில், மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞர் போலீஸ்காரரால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊரே கொந்தளித்தது. அக்டோபர் 8-ஆம் தேதி, செயிண்ட் லூயிசிலேயே இன்னொரு 18 வயது இளைஞர், பணி நேரத்தில் இல்லாத ஒரு போலீஸ்காரரால் சுட்டுக் கொல்லப்பட்டார். இளைஞர்தான் முதலில் சுட்டார் என்றது போலீஸ், குடும்பம் மறுத்தது. அந்தப் பையனின் அப்பா வேலை பார்த்தது எங்கே தெரியுமா? அதே செயிண்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில்.

சில நாட்களில் ஊர்வலமாக வந்த மக்கள் நள்ளிரவில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நுழைந்து மணிக்கூண்டு அருகே உட்கார்ந்துவிட்டார்கள். மாணவர்களும் சேர்ந்து கொண்டார்கள். ஆறு நாள். தலைவராக இருந்த ஃப்ரெட் பெஸ்டெல்லோ பதவிக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தலைவரான குருவல்லாத பொதுநிலையினர் அவர். போலீசைக் கூப்பிட்டு விரட்டுங்கள் என்று பெற்றோர்களிடமிருந்தும் பழைய மாணவர்களிடமிருந்தும் கோபக் குரல்கள். ஆமாம், நம்மைப் போன்ற பழைய மாணவர்கள்தான்! அவர் விரட்டவில்லை. உட்கார்ந்து பேசினார். அக்டோபர் 18-ஆம் தேதி 13 அம்ச உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டார். கறுப்பின மாணவர்களுக்கு உதவித்தொகை, ஆப்பிரிக்க அமெரிக்கக் கல்வித் துறைக்குக் கூடுதல் நிதி, சுற்றுப்புறப் பள்ளிகளுக்கு உதவி என்று பல அம்சங்கள். 13-ம் முழுசாக நடந்ததா என்ற விவாதம் பின்னாலும் ஓயவில்லை. கேட்டவர்கள் கேட்டுக் கொண்டேதான் இருந்தார்கள்.

நான் அப்போது என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. எங்கள் அடுக்ககத்தில் இருந்த நம்ம ஊர் ஆட்கள் எல்லோரும் "அந்தப் பக்கம் போகாதே, நமக்கெதுக்கு வம்பு, நாம கறுப்பும் இல்ல வெள்ளையும் இல்ல" என்று பேசிக் கொண்டோம். நானும் அப்படியேதான் பேசினேன்.

அந்த வாரம் ஒருநாள் மதியம், என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர், கறுப்பினத்தவர், ஓய்வு பெறும் வயது, சாப்பிட்டுக் கொண்டே கேட்டார்: "உங்க ஊர்ல இந்த மாதிரி ஒண்ணும் இல்லையா?" நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இல்லை" என்றேன். "எங்க ஊர்ல எல்லாரும் ஒரே நிறம்தான்" என்று விளக்கம் வேறு கொடுத்தேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நிறமும் சாதியும் ஒன்றல்ல, எனக்குத் தெரியும். நிறம் கண்ணுக்குத் தெரியும். சாதியை விசாரித்துத்தான் தெரிந்து கொள்ள வேண்டும். விசாரிப்பதற்கு நம்மிடம் ஒரு கேள்வி இருக்கிறது. "எந்த ஊரு?" அது முதல் கேள்வி. "ஊர்ல எந்தத் தெரு?" அது இரண்டாவது. இரண்டாவதில் விடை கிடைத்துவிடும்.

நமது விடுதியில் முதலாண்டில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பனிடம் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டார்கள். அவன் பொய் சொல்லவில்லை. அவனும் ஞானஸ்நானம் பெற்றவன், ஞாயிறு பூசையில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவன். அதற்குப் பிறகு மெஸ்ஸில் அவன் உட்கார்ந்த மேசை மெல்ல மெல்லக் காலியானது. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. தட்டை எடுத்துக் கொண்டு வேறு மேசைக்குப் போனார்கள், அவ்வளவுதான். ஒருநாள் வகுப்பு நடந்து கொண்டிருக்கும்போது அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, "ஸ்காலர்ஷிப் வாங்கற எஸ்.சி., எஸ்.டி. பசங்க எல்லாம் எழுந்திரிங்கப்பா" என்றார். கிறிஸ்தவராக மாறினால் பட்டியலில் இடமில்லை என்கிற 1950-ஆம் ஆண்டு ஆணையால் அவன் பெயர் அந்தக் கணக்கிலேயே இல்லை. எழுந்து நின்றவர்களை வகுப்பு திரும்பிப் பார்த்தது. உட்கார்ந்திருந்த அவனையும் பார்த்தது.

இரண்டாம் ஆண்டு அறை ஒதுக்கும்போது, அவனை வேறு அறைக்கு மாற்றச் சொல்லி வார்டனிடம் ஒரு தாள் கொடுத்தார்கள். காரணம் "படிப்புக்கு இடைஞ்சல்". அந்தத் தாளில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

எனக்கு அவன் மேல் ஒரு வருத்தமும் இல்லை. மற்ற இரண்டு பேரும் போட்டார்கள், நானும் போட்டேன். மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொஞ்ச நாள் என்னையும் ஒதுக்கியிருப்பார்கள். அந்தக் கொஞ்ச நாள் தோள் வலிக்கு நான் பயந்தேன்.

அந்தப் பெரியவரிடம் மறுநாள் போய், "நேத்து நான் சொன்னது பொய்" என்றேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "யாருகிட்டச் சொல்லணுமோ அவங்ககிட்டச் சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

சொல்ல எனக்கு இன்னும் சில வருஷம் ஆனது. நண்பன் இப்போது ஒரு மின் நிலையத்தில் பொறியாளன். போனில் பேசினேன். நான் சுற்றி வளைத்துக் கொண்டிருக்கும்போது அவனே நிறுத்தி, "தெரியும்டா, வார்டன் அந்தப் பேப்பரை எனக்குக் காட்டினார்" என்றான். "மத்த ரெண்டு பேர் பேரைப் பார்த்து ஒண்ணும் தோணல. உன் பேரைப் பார்த்துட்டு அன்னைக்கு ராத்திரி ஊருக்குப் போயிடலாம்னு பெட்டியை எடுத்து வச்சேன்" என்றான். போகவில்லை, அவன் அம்மா பள்ளிக்கூட மெட்டில் மிட்டாய் விற்றுப் படிக்க வைத்தது ஞாபகம் வந்ததாம். நான் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு" என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதைக் கேட்டு வாங்கும் உரிமை எனக்கு இல்லை. இன்றைக்கு இதைப் பேசப் போகிறேன் என்று அவனிடம் அனுமதி கேட்டேன். "பேசு, என் பேரைச் சொல்லாதே. பேசிட்டு மட்டும் வந்துடாதே" என்றான். அவன் இந்தச் சந்திப்புக்கு வரவில்லை. இதுவரை எந்தச் சந்திப்புக்கும் வந்ததில்லை. ஏன் என்று நாம் கேட்டதும் இல்லை.

திருச்சபைக்கு இது தெரியாத விஷயமல்ல. சாதிப் பாகுபாடு நற்செய்திக்கு விரோதமானது என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2003-ல் தமிழக ஆயர்களிடமே எடுத்துச் சொன்னார். 2016-ல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கையையே வெளியிட்டு, திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதை ஒப்புக் கொண்டது. எழுத்தில் குறையில்லை. ஆனால் அடிமையாக இருந்த ஒருவரின் உடலுக்குக் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் 1867-லேயே இடம் கிடைத்ததைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு, நம் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் நடுவே நிற்கிற சுவர் கண்ணை உறுத்துகிறது. சின்ன வயதில் நான் கை வைத்த அந்தச் சப்பரம் கீழத்தெருவுக்குள் போனதே இல்லை என்பதும் பெரியவனான பிறகுதான் எனக்கு உறைத்தது.

நண்பன் சொன்னபடி, பேசிவிட்டு மட்டும் போகக் கூடாது என்பதற்காகச் சங்கத்துக்கு ஒரு கடிதம் கொண்டு வந்திருக்கிறேன். மூன்று கோரிக்கைகள்.

ஒன்று: விடுதி அறைகளைச் சீட்டுக் குலுக்கி ஒதுக்க வேண்டும். மாற்றம் கேட்டு யார் தாள் கொடுத்தாலும் வார்டன் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் காரணம் கேட்க வேண்டும். என்னைத் தனியாகக் கேட்டிருந்தால் "படிப்புக்கு இடைஞ்சல்" என்று என் வாயால் சொல்லியிருக்க முடியாது.

இரண்டு: உதவித்தொகைக்காக எந்த மாணவரையும் வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லக் கூடாது. பதிவு எண்ணைப் பலகையில் ஒட்டினால் போதும். 1944-ல் அந்தக் குருவானவர், தவறு செய்த பக்கத்தாரைத்தான் எழுந்து நிற்கச் சொன்னார். நாம் தலைகீழாகச் செய்து கொண்டிருக்கிறோம்.

மூன்று: 1950 ஆணையால் எஸ்.சி. பட்டியலில் இடமில்லாமல் போகிற தலித் கிறிஸ்தவ மாணவர்களுக்கு நமது சங்கம் ஒரு நிதி ஏற்படுத்த வேண்டும். முதல் வருடத்துக்கு என் ஒரு மாதச் சம்பளத்தைத் தருகிறேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சொன்னால் பின்வாங்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கம்பெனியில் ஆள் எடுக்கும்போது "நம்ம பையன்" என்று ஒரு பெயரை அனுப்புகிறோம். அந்த "நம்ம"வுக்குள் யார் யார் வருகிறார்கள் என்று ஒரு தடவை பட்டியல் போட்டுப் பாருங்கள். நான் போட்டுப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்களிடம் நான் பெரிய தியாகம் எதையும் கேட்கவில்லை. இன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகும்போது, தனியாக உட்கார்ந்திருக்கிறவர் யார் என்று பாருங்கள். தட்டை எடுத்துக் கொண்டு அங்கே போய் உட்காருங்கள். ஊரைக் கேளுங்கள். தெருவைக் கேட்காதீர்கள். நாளைக்கு உங்களிடமும் ஒரு தாள் வரும். அதில் இரண்டு கையெழுத்து ஏற்கெனவே இருக்கும். மூன்றாவது உங்களுடையதாக இருக்க வேண்டாம்.

கோரிக்கைக் கடிதம் வரவேற்பு மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து நான் போட்டிருக்கிறேன். கீழே நிறைய இடம் விட்டிருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ வந்து போடுங்கள்.